எந்த மேசையில் உட்காருவது?

2003 ஆவணியில், 15 வயதில், யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோவுக்கு வந்த என்னை அடுத்த மாதமே ஸ்காபரோவில் 10ஆம் வகுப்பில் சேர்த்துவிட்டார்கள். ஊரில் பக்கத்து வாங்கில் இருப்பவளோடு சேர்ந்தே சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பழகிய எனக்கு, இங்கே சாப்பாட்டு மண்டபத்தில் எந்த மேசையில் உட்காருவது என்பதே பெரிய சோதனையாக இருந்தது. ஒவ்வொரு மேசையும் யாரோ ஒரு கூட்டத்துக்கு உரியது என்பது, போய் உட்கார்ந்து எல்லோரும் பேச்சை நிறுத்திய பிறகுதான் விளங்கும்.

2004 சித்திரை இறுதியில் வெளிவந்த ‘மீன் கேர்ள்ஸ்’ (Mean Girls) என்ற ஆங்கிலத் திரைப்படத்தை மாமியின் மகளோடு பார்த்தேன். ஆபிரிக்காவில் வீட்டிலேயே படித்து வளர்ந்து, முதன்முறையாகப் பள்ளிக்கூடம் போகும் கேடிக்கு ஒரு தோழி மண்டபத்தின் மேசைகளை வரைபடமாகவே கீறிக் கொடுக்கிறாள். எனக்கும் அப்படி ஒருத்தி கிடைத்திருக்கலாமே என்று ஏங்கினேன். கதை இலினோய் மாநிலத்தில் நடந்தாலும், படம் பெரும்பாலும் எடுக்கப்பட்டது எங்கள் ரொறன்ரோவில்தான். கணிதக் குழுவின் தலைவன் கெவினாக நடித்த ரஜீவ் சுரேந்திராவும் இங்கே பிறந்த ஈழத்தமிழர் வீட்டுப் பிள்ளை என்பதில் எங்களுக்கு அளவில்லாத பெருமை.

ஆனால் என்னை உலுக்கியது வேறொரு காட்சி. அந்தப் பள்ளிக்கூடத்தில் ராணிபோல உலவும் ரெஜினா ஒரு பெண்ணின் பாவாடையைப் பார்த்து, மிக அழகாக இருக்கிறது, எங்கே வாங்கினாய் என்று கனிவாகக் கேட்கிறாள். அவள் மகிழ்ந்து அப்பால் போனதும், இவ்வளவு அவலட்சணமான பாவாடையைத் தான் கண்டதேயில்லை என்கிறாள். அம்மா ஊரில் தைப்பித்துத் தந்த பூப்போட்ட சட்டையை வகுப்பில் ஒருத்தி இரண்டு தடவை புகழ்ந்ததும், நான் இரண்டு தடவையும் நன்றி சொன்னதும், பக்கத்திலிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதும் அந்தக் கணத்தில்தான் எனக்குப் பிடிபட்டன. ஆங்கிலச் சொற்கள் அத்தனையும் அன்று விளங்கியிருந்தன. அந்தக் குரல்தான் விளங்கவில்லை. புகழ்ந்தவளும் தமிழ்ப் பிள்ளைதான், கனடாவில் பிறந்தவள். புதிதாக வந்த எங்களை அவர்கள் ‘ஃபிரெஷி’ என்றே அழைத்தார்கள்.

றோசலின்ட் வைஸ்மன் பெற்றோருக்காக 2002இல் வெளியிட்ட நூலை வைத்து டீனா ஃபே எழுதிய இந்தத் திரைக்கதையில், வெளியாளாக வந்த கேடியே ரெஜினாவின் கூட்டம் பிறரைத் தூற்றி எழுதிவைக்கும் குறிப்பேட்டில் பங்குகொள்ளும் இடம் எனக்கு இன்றும் வலிக்கிறது. நான் 11ஆம் வகுப்புக்குப் போனபோது வவுனியாவிலிருந்து ஒரு பிள்ளை வந்து சேர்ந்தாள். எண்ணெய் வைத்து, இரட்டைப் பின்னலிட்டு, கறுப்பு ரிப்பன் கட்டியிருந்தாள். எங்கள் மேசையில் யாரோ ‘ஃபிரெஷி’ என்றார்கள். எனக்கென்று ஒரு மேசை கிடைத்திருந்த நிம்மதியில் நானும் சேர்ந்து சிரித்தேன். அவள் திரும்பி என்னைத்தான் பார்த்தாள். அடுத்த திங்கட்கிழமை பின்னலை அவிழ்த்து, எண்ணெய் இல்லாத தலையோடு வந்தாள்.