பயணப்படியில் எங்கே வெட்டுவது?

அரசு ஊழியர்களின் பயணச் செலவைக் குறைக்க வேண்டும் என்றதும் எல்லாருக்கும் ஒரே அளவில் வெட்டிவிடுகிறார்கள். இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அடி முதலில் விழுவது களத்துக்குப் போகிறவர் மேல். பாலத்தின் விரிசலைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டிய பொறியாளர் போகாவிட்டால், ஆய்வறிக்கை மேசையிலேயே தயாராகிவிடும். அப்புறம் என்ன ஆகும்?

பணம் கரைவது வேறு இடத்தில். 2010-ல் அமெரிக்காவில் அரசுக் கட்டடங்களையும் கொள்முதலையும் கவனிக்கும் பொதுச் சேவை நிர்வாகம் லாஸ் வேகாஸில் நடத்திய மாநாட்டில் கலந்துகொண்டவர்கள் சுமார் 300 பேர், செலவு 8 லட்சம் டாலருக்கு மேல். ஏற்பாடு செய்வதற்கென்றே முன்கூட்டிப் பலமுறை போய் வந்திருக்கிறார்கள்! 2012-ல் தணிக்கை அறிக்கை வெளியானதும் அந்த நிர்வாகத்தின் தலைவர் பதவி விலகினார்.

அது பெரிய கதை. தினமும் நடப்பது சின்னது. கூட்டத் தேதி கடைசி நாளில் முடிவாகும், விமான டிக்கெட் விலை எகிறியிருக்கும். ஒருவர் பேச வேண்டிய கூட்டத்துக்கு ஐந்து பேர் போவார்கள். பில்லில் எல்லாம் சரியாக இருக்கும்: ரசீது, கையெழுத்து, தகுதிக்கேற்ற வகுப்பு. ஏன் ஐந்து பேர் என்று கேட்க அந்தப் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை. முதலில் அந்தக் கட்டத்தைச் சேருங்கள்.