பித்தப்பை ஆபரேஷனும் ஒரே ஒரு ஆன்டிபயாடிக் ஊசியும்

பித்தப்பைக் கல்லுக்கு நாள் குறித்து, சின்னத் துளைகள் வழியாகப் பித்தப்பையை எடுக்கும் லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன் செய்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். டிஸ்சார்ஜ் சீட்டில் வலி மாத்திரையும் கேஸ் மாத்திரையும்தான். "வயித்துல நாலு ஓட்டை போட்டிருக்காங்க, ஆன்டிபயாடிக் எழுதலையா?" என்று பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள்.

இதை நான் முன்பே சர்ஜனிடம் கேட்டிருந்தேன். பித்தப்பையில் கடும் அழற்சியோ மஞ்சள் காமாலையோ இல்லாமல், திட்டமிட்டுச் செய்யும் ஆபரேஷனில், ஆபத்து குறைந்தவர்களுக்கு முன்கூட்டிப் போடும் ஆன்டிபயாடிக் ஊசிகூடத் தேவையில்லை என்று 2013-இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல் சொல்கிறதாம். "உங்களுக்குச் சர்க்கரை இருக்கு, அதனால ஒரு டோஸ் மட்டும் போட்டுடுவோம்" என்றார். தோலில் கத்தி படும்போது மருந்து சதைக்குள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், அதனால் அதற்கு முந்தைய 60 நிமிடத்துக்குள் ஏற்ற வேண்டும். மேசையில் படுத்திருந்தபோது மயக்க மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டு செஃபசோலின் என்ற ஆன்டிபயாடிக்கை ஏற்றியது நன்றாக நினைவிருக்கிறது. ஆபரேஷன் முடிந்த பிறகு, தொற்று வராமல் தடுப்பதற்கென்று ஆன்டிபயாடிக்கை நீட்டிக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் 2016-லேயே சொல்லிவிட்டது. நீட்டித்தால் வயிற்றுப்போக்கும், மருந்துக்கு அடங்காத கிருமிகளும்தான் மிச்சம்.

அப்புறம் ஒரு வாரம் போல ஆனபோது தொப்புள் தையலைச் சுற்றிச் சிவந்து, பஞ்சில் மஞ்சளாக ஈரம் ஒட்டியது. எனக்குப் பித்தப்பையை உறையில் போட்டுத் தொப்புள் வழியாகத்தான் வெளியே எடுத்தார்கள், அங்கே அழுக்கும் தங்கும் என்பதால் தொற்று வருவதென்றால் பெரும்பாலும் அந்த இடத்தில்தானாம். மெடிக்கலில் அஜித்ரோமைசின் வாங்கிப் போடு என்று வீட்டில் ஒரே வற்புறுத்தல். நான் நேராக சர்ஜனிடம் போனேன். அவர் ஒரு தையலைப் பிரித்து, அழுத்தி நீரை வெளியேற்றி, கொஞ்சத்தைக் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, சலைனில் கழுவிக் கட்டுப் போட்டார். காய்ச்சல் இல்லை, சிவப்பும் பரவவில்லை, அதனால் அப்போதும் மாத்திரை தரவில்லை. கட்டு மாற்றியே ஆறிவிட்டது, கல்ச்சரிலும் எதுவும் வளரவில்லை. அந்த நாட்களில் சர்க்கரையை மட்டும் விடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

இரண்டு விஷயங்களை அழுத்திச் சொல்லி அனுப்பினார். காய்ச்சல், கண்ணில் மஞ்சள், நாளுக்கு நாள் கூடும் வயிற்றுவலி என்றால் அது வெறும் தையல் புண்ணாக இருக்காது, உள்ளே பித்தநீர் கசியலாம், உடனே ஓடி வர வேண்டும். இன்னொன்று, புண் ஆறி வாரக்கணக்கில் கழித்துத் தழும்பில் கட்டி மாதிரி எழும்பிக் கசிந்தால் சாதாரண ஆன்டிபயாடிக்கை மாற்றி மாற்றிப் போடக் கூடாது. காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த சில கிருமிகள், சரியாகச் சுத்திகரிக்காத கருவிகள் வழியாக வந்து இப்படித் தாமதமாகத் தலைகாட்டும். அதற்கான பரிசோதனையும் மருந்தும் வேறு, மாதக்கணக்கில் சாப்பிட வேண்டியிருக்கும். ஆபரேஷனுக்கு முன்னால் "இந்தக் கருவிகளை எப்படி ஸ்டெரிலைஸ் பண்றீங்க?" என்று தயங்காமல் கேளுங்கள், நான் கேட்டதற்கு முகம் சுளிக்காமல் விளக்கினார்கள்.