கணக்குகள் யார் கைக்குப் போகின்றன

பங்குச் சந்தையில் வேலை பார்ப்பவர்கள் தங்கள் தொழிலைப் பற்றிப் பெருமையாகச் சொல்லும் ஒன்று உண்டு: இங்கே யாரும் ஆளைப் பார்ப்பதில்லை, விலையை மட்டுமே பார்க்கிறோம் என்பது. அதில் பாதி உண்மை. 1994-இல் தேசியப் பங்குச் சந்தை திரைவழி வணிகத்தைத் தொடங்கிய பின், சேலத்திலிருந்து போகும் ஆர்டரும் மும்பையிலிருந்து போகும் ஆர்டரும் ஒரே வரிசையில்தான் நிற்கின்றன. நல்ல விலைக்கு முதலிடம். விலை ஒன்றே என்றால் முந்தி வந்ததற்கு முதலிடம். விற்றவர் யார் என்பது வாங்கியவருக்குத் தெரியாது. ஆனால் அந்த ஆர்டரைப் போடும் நாற்காலியில் யார் உட்காருவது, எந்த வாடிக்கையாளரின் கணக்கு எந்த டீலரிடம் போவது என்பதையெல்லாம் எந்த இயந்திரமும் தீர்மானிப்பதில்லை. சேலத்தில் ஒரு தரகு நிறுவனத்தின் கிளையில் டீலராகச் சேர்ந்து, இடையில் சில ஆண்டுகள் மும்பையில் இருந்துவிட்டு, இப்போது இங்கேயே கிளை மேலாளராக இருக்கும் எனக்கு, இந்தத் தொழிலில் யார் நிலைக்கிறார்கள் என்ற கேள்விக்கான விடை அந்தக் கணக்குப் பங்கீட்டில்தான் இருக்கிறது என்று உறுதியாகத் தோன்றுகிறது.

அமெரிக்காவில் இந்தக் கேள்வி இனத்தின் பெயரால் வெளிப்படையாகவே கேட்கப்பட்டது. 1792-இல் தோன்றிய நியூயார்க் பங்குச் சந்தையில் ஜோசப் சியர்ல்ஸ் என்ற கறுப்பினத்தவர் உறுப்பினராகி வணிகம் நடக்கும் தளத்தில் நிற்பதற்கு 1970 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கறுப்பினத்தவருக்குச் சொந்தமான முதல் உறுப்பினர் நிறுவனமான டேனியல்ஸ் அண்ட் பெல் அதற்கு அடுத்த ஆண்டில்தான் உள்ளே வந்தது. இவற்றைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்தது மெரில் லிஞ்ச் வழக்கு. 2002 இறுதியில் அந்நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்ற ஸ்டான்லி ஓ'நீல், வால் ஸ்ட்ரீட்டின் பெரிய நிறுவனம் ஒன்றுக்குத் தலைவரான முதல் கறுப்பினத்தவர். அவர் அந்தப் பதவியில் இருந்தபோதே, 2005-இல், அதே நிறுவனத்தின் கறுப்பினத் தரகர்கள் தங்களுக்குப் பாகுபாடு காட்டப்படுவதாக வழக்குத் தொடுத்தார்கள். 2013-இல் 16 கோடி டாலர் தருவதாக ஒப்புக்கொண்டு நிறுவனம் அதைச் சமரசமாக முடித்தது.

அந்த வழக்கில் பெரிதும் பேசப்பட்டவை வசைச் சொற்களோ வெறுப்புப் பேச்சோ அல்ல, இரண்டு அலுவலக நடைமுறைகள். தரகர்கள் தங்களுக்குள் குழு சேர்ந்துகொள்ளலாம். யாரைச் சேர்ப்பது என்பது அவர்கள் விருப்பம். வேலையை விட்டுப் போகும் தரகரின் கணக்குகளைப் பிரித்துக் கொடுக்கும்போது, ஏற்கெனவே நன்றாகச் சம்பாதித்துக் காட்டியவருக்கு முன்னுரிமை. இரண்டும் தனித்தனியே பார்த்தால் நியாயமாகவே தெரியும். சேர்ந்து நடக்கும்போதுதான் விளைவு புரிகிறது: மக்கள் தம்மைப் போன்றவர்களோடு குழு சேர்கிறார்கள், குழுவில் இருப்பவர் கூடுதலாகச் சம்பாதிக்கிறார், கூடுதலாகச் சம்பாதித்தவருக்கே அடுத்த கணக்கும் வருகிறது. ஆண்டு முடிவில் எண்களை எடுத்துப் பார்த்தால் வெளியே நின்றவர் திறமை குறைந்தவர் போலத் தெரிவார். லாப நட்டத்தைப் பைசா சுத்தமாக அளக்கும் தொழில் என்பதால் அந்த எண்களை யாரும் சந்தேகிப்பதும் இல்லை.

நம் ஊரில் பிரிவினை இனமாக இராது. சாதியாக, ஊராக, மொழியாக, ஆண் பெண்ணாக இருக்கும். நடைமுறை அதுவேதான். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு செய்பவர்களுக்கு வெள்ளி விலைதான் உயிர். இன்று கட்டி வாங்கிப் பட்டறைக்குக் கொடுத்தால் கொலுசாகிக் கடைக்குப் போய்ப் பணம் வர வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் விலை இறங்கினால் கூலியும் போய் முதலும் கடிக்கும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் எம்.சி.எக்ஸ். என்ற பொருள் சந்தையில் முன்பேர வணிகத்தில், அதாவது பின்னொரு நாளுக்கு இன்றே விலை பேசி, விற்று வைத்துக்கொள்வார்கள். அப்படிப்பட்ட கணக்குகள் நான்கைந்து கையில் இருந்தால் ஒரு டீலரின் மாத டார்கெட் தானாக நிறைந்துவிடும். அவை எங்கள் கிளையில் ஆண்டாண்டாக ஒரே வட்டத்துக்குள் கைமாறி வந்தன. வாடிக்கையாளருக்குச் சொந்தக்காரர், அவருடைய பங்காளியின் மகன், அல்லது அதே தெருக்காரர்.

நாகலூருக்கு அப்பால் ஒரு சிற்றூரிலிருந்து ஏற்காடு மலை இறங்கி ஓர் இளைஞர் எங்களிடம் வேலைக்கு வந்தார். மலையாளிப் பழங்குடியினர், கேரளத்தவர் அல்லர், சேர்வராயன் மலையின் மக்கள். பி.காம். முடித்து, பங்கு முன்பேரத்துக்கும் பொருள் முன்பேரத்துக்கும் உரிய, சந்தைப் பணியாளர்களுக்கான என்.ஐ.எஸ்.எம். தகுதித் தேர்வுகள் இரண்டையும் எழுதித் தேறியிருந்தார். அவருக்குக் கிடைத்தவை எல்லாம் பல காலமாக வணிகமே நடக்காத கணக்குகள்.

ஒருநாள் மாலை, செவ்வாய்ப்பேட்டை வாடிக்கையாளர் ஒருவருடைய அழைப்பு அவரிடம் வந்தது. வழக்கமாகப் பேசும் டீலர் இருக்கையில் இல்லை. பேச்சு பதிவாகும் ரெக்கார்டு லைனில் விதிப்படி ஆர்டரைத் திருப்பிச் சொன்னார்: "சில்வர் மினி ரெண்டு லாட், விற்கறதுங்களா?" மறுமுனையில் ஒரு தயக்கம். "தம்பி புதுசா? எந்த ஊரு?" "ஏற்காடுங்க." "சரி, இருக்கட்டும். அவரு வந்ததும் கூப்பிடச் சொல்லுங்க." சில்வர் மினி என்பது வெள்ளி முன்பேரத்தின் சிறிய ஒப்பந்தம்; ஒரு லாட் 5 கிலோ. அந்த டீலர் திரும்பி வருவதற்குள் கிலோவுக்கு 400 ரூபாய் இறங்கிவிட்டது. வாடிக்கையாளருக்கு 4,000 ரூபாய் போயிற்று. அவர் கெட்ட மனிதர் அல்லர். பணத்தைத் தெரிந்த குரலிடம் ஒப்படைப்பதுதான் பாதுகாப்பு என்று நினைக்கிறார், அவ்வளவே. ஆனால் அந்தப் பழக்கத்தின் விலையை மாதக் கடைசியில் மதிப்பீட்டுத் தாளில் கொடுத்தவர் அந்த இளைஞர்.

நேரமும் ஆளைப் பிரிக்கிறது. எம்.சி.எக்ஸ். இரவு 11.30 வரை நடக்கும். அமெரிக்காவின் குளிர்காலத்தில் 11.55 வரை. வெள்ளியில் வேகமான நகர்வெல்லாம் பெரும்பாலும் நியூயார்க் விழித்த பிறகுதான் என்பதால், தரகுப் பணம் இருப்பது மாலை ஷிஃப்டில். அந்நேரத்தில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏற மலைக்குப் பஸ் ஏது? பெண் டீலர்களுக்கும் அந்த ஷிஃப்ட் "வேண்டாம்மா, உங்களுக்குச் சிரமம்" என்ற அக்கறையோடு மறுக்கப்பட்டு வந்தது. அவர்களைக் கேட்டவர் யாருமில்லை. பிறகு கேட்டபோது இருவர் உடனே சரி என்றார்கள். வீட்டு வாசல் வரை வண்டி வேண்டும் என்பது மட்டுமே அவர்கள் கோரிக்கை.

மும்பையில் நானே அந்த மறுபக்கத்தில் இருந்தேன். டீலிங் அறையில் பேச்சு குஜராத்தியிலும் இந்தியிலும் ஓடும். தமிழர்கள் கணக்கில் கெட்டி என்று பாராட்டியே, வணிகம் முடிந்தபின் பணத்தையும் பங்கையும் கணக்குத் தீர்க்கும் செட்டில்மென்ட் பிரிவுக்கு அனுப்பினார்கள். அது பாராட்டுத்தான், ஆனால் அங்கே போனஸும் இல்லை, சந்தையைக் கற்க வழியும் இல்லை.

இதையெல்லாம் சொல்லும்போது, வேலை கேட்டு ஏன் நிற்க வேண்டும், கையில் போன் இருக்கிறதே, சொந்தப் பணத்தில் டிரேடர் ஆகிவிடலாமே என்பவர்கள் உண்டு. இந்த அறிவுரை எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது. 2024 செப்டம்பரில் சந்தைகளின் கட்டுப்பாட்டு அமைப்பான செபி வெளியிட்ட ஆய்வின்படி, அந்த ஆண்டு மார்ச்சுடன் முடிந்த மூன்று நிதியாண்டுகளில் பங்கு முன்பேரத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதத்தினர் நட்டமடைந்தார்கள். மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். நிறுவனத்தின் முதலையும், நட்ட வரம்பையும், பக்கத்தில் அமர்ந்து சொல்லித் தரும் மூத்தவரையும் பெற்று ஒருவர் தொழில் கற்பது வேறு. மலைத்தோட்டக் கூலியில் மிச்சம் பிடித்த பணத்தை ஆப்ஷன் என்ற முன்பேர வகையில் போடுவது வேறு.

எங்கள் கிளையில் இரண்டு மாற்றங்கள் செய்தோம். புதிதாகத் திறக்கும் கணக்குகளும், விலகும் டீலர் விட்டுச் செல்லும் கணக்குகளும் இப்போது வரிசைப்படி ஒதுக்கப்படுகின்றன. யார் யாருக்கு எது போனது என்ற பட்டியல் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டப்படுகிறது. மாலை ஷிஃப்டில் இருப்பவர்களுக்கு வண்டியும், மலைக்காரர்களுக்கு அந்த இரவு கீழேயே தங்க அறையும் தருகிறோம். முன்பு சொன்ன இளைஞருக்கு வரிசைப்படி வந்த கணக்குகளில் ஒரு ஜவ்வரிசி ஆலை முதலாளியுடையதும் ஒன்று. இப்போது அவர் இந்தத் தம்பியைத்தான் பெயர் சொல்லிக் கேட்கிறார். பழைய பெரிய கணக்குகளில் கை வைக்கத் தலைமை அலுவலகம் சம்மதிக்கவில்லை. வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இல்லாமலும் இல்லை. அப்படியானால் மதிப்பீட்டிலாவது, ஒருவர் தேடிப்பிடித்த கணக்கின் தரகையும் கைமாறி வந்த கணக்கின் தரகையும் தனித்தனிப் பத்தியில் காட்டுங்கள் என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். அடுத்த காலாண்டு மதிப்பீட்டுக்கு முன் அதற்குப் பதில் வர வேண்டும்.