ஈஸ்ட் ஹாமின் பழைய வரைபடத் தாள்

பிரிட்டனின் நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வே விக்டோரியா அரசியின் காலத்தில் வெளியிட்ட வரைபடங்களின் மறுபதிப்புகளை ஓராண்டாகச் சேர்த்து வருகிறேன். ஒரு மைல் தூரத்தை ஏறத்தாழ 25 அங்குலமாகக் காட்டும் மூலத் தாள்களை ஆலன் காட்ஃப்ரி பதிப்பகத்தார் 15 அங்குல அளவுக்குச் சுருக்கி, சட்டைப் பையில் மடித்து வைக்கும்படி அச்சிடுகிறார்கள். பின்பக்கத்தில் அந்தப் பகுதியின் வரலாற்றுக் கட்டுரையும் இருக்கும்.

நான் குடியிருப்பது கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாம். ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாகத் தரும் 1860-களின் தாளில் எங்கள் தெருவே இல்லை. அந்த இடத்தில் வயல்களும், ஒவ்வொன்றாகப் புள்ளியிட்ட மரங்களுமே இருக்கின்றன. 1890-களில் திருத்தப்பட்ட மறுபதிப்புத் தாளிலோ வரிசை வீடுகள் வந்துவிடுகின்றன. எங்கள் தெரு நடுவில் காரணமின்றிச் சற்றே வளைவதாக நெடுநாள் எண்ணியிருந்தேன். இரண்டு தாள்களையும் ஒப்பிட்டபோதுதான், மறைந்துபோன ஒரு வயலின் வரப்பை அது இன்றும் பின்பற்றுகிறது என்பது புரிந்தது. அன்றிரவு வெகுநேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாலை நடைக்கு நான் செல்லும் கிரீன்வே என்னும் உயரமான பாதைக்கு, பழைய தாளில் வடக்குக் கழிவுநீர்க் கால்வாய் என்றே பெயர். 1858 கோடையில் தேம்ஸ் ஆற்றின் துர்நாற்றம் நாடாளுமன்றத்தையே திணறடித்த பிறகு, பொறியாளர் ஜோசப் பாசல்ஜெட் அமைத்த அந்தக் கால்வாய், லண்டனின் கழிவை நம் காலடியிலேயே இன்றும் பெக்டனுக்குக் கொண்டு செல்கிறது. அந்த பெக்டனும் 1870-இல் திறக்கப்பட்ட எரிவாயு ஆலையின் நிறுவனத் தலைவர் சைமன் ஆடம்ஸ் பெக்கின் பெயரால் அமைந்த ஊர்தான்.

தாளை வாசிப்பதற்குச் சற்றுப் பொறுமை வேண்டும். 'டபிள்யூ' என்ற எழுத்து கிணற்றையும், 'பி.எச்.' மதுக்கடையையும், 'பி.எம்.' உயரம் அளந்த இடத்தையும் குறிக்கின்றன. அச்சிட்ட ஆண்டை மட்டும் பார்த்து முடிவுக்கு வரக்கூடாது. அளந்த ஆண்டும் திருத்திய ஆண்டும் தாளின் ஓரத்தில் தனித்தனியே தரப்பட்டிருக்கும், அவற்றுக்கும் வெளியான ஆண்டுக்கும் இடையே சில ஆண்டுகள் கழிந்திருக்கும்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை, 'பி.எம்.' என்று குறித்திருந்த ஓர் இடத்தைத் தேடிப் போனேன். பழைய செங்கல் சுவரின் அடிப்பகுதியில், ஒரு கிடைக்கோடும் அதை நோக்கிய அம்புக்குறியும் பாசிக்கு அடியில் இன்னும் தெளிவாக இருந்தன.