முன்கண்ணாடி கோட்டிங்: எடுத்த அனுபவமும், மறுபடி எங்கே போட்டேன் என்பதும்

நான் வாங்கிய செகண்ட் ஹேண்ட் காரின் முன்கண்ணாடியில், மழைநீர் ஒட்டாமல் இருக்க யாரோ எப்போதோ கோட்டிங் போட்டிருக்கிறார்கள். விற்றவர் அதைச் சொல்லவில்லை. வெயில் காலம் முழுக்க எனக்கும் தெரியவில்லை. ஐப்பசி மழை பிடித்ததும் வைப்பர் தடதடவென்று துள்ள ஆரம்பித்தது. அது கடந்து போன இடத்தில் ஒரு நொடிக்கு மங்கலான படலம் ஒன்று நிற்கும். பகலில் பொறுத்துக்கொள்ளலாம். இரவில் மதுராந்தகம் பக்கம் எதிர்ப்புறம் ஹைபீம் போட்டு வரும் லாரிகளின் வெளிச்சத்தில், அந்தப் படலத்தின் பொடித் துளிகள் ஒவ்வொன்றும் ஒளியைச் சிதறடிக்கும். ரோட்டின் வெள்ளைக் கோடே தெரியாது. குடும்பத்தை வைத்துக்கொண்டு அப்படி ஓட்டுவது பயமாகத்தான் இருந்தது.

வைப்பர் துள்ளினால் முதலில் பிளேடைப் பார்ப்பதுதான் முறை. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புது பிளேடு வாங்கி மாட்டினேன். வைப்பர் கை முறுக்கியிருக்கிறதா என்றும் மெக்கானிக்கிடம் காட்டினேன். ரப்பர் கண்ணாடி மேல் நேராக நிற்க வேண்டும், ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் புது பிளேடும் துள்ளும். கை சரியாகவே இருந்தது. துள்ளல் மட்டும் நிற்கவில்லை. அப்போ மிச்சம் கண்ணாடிதான்.

ஒரு மக் தண்ணீரை மேலிருந்து ஊற்றியதும் விஷயம் விளங்கிவிட்டது. வைப்பர் போய் வரும் பாதையில் தண்ணீர் விரிந்து வழிந்தது. மேல் ஓரத்திலும் இரண்டு மூலைகளிலும் முத்து முத்தாக உருண்டது. நடுவில் கோட்டிங் திட்டுத் திட்டாகத் தேய்ந்திருந்தது. கோட்டிங் உள்ள இடத்தில் ரப்பர் வழுக்கும், இல்லாத இடத்தில் பிடிக்கும். துள்ளல் அதனால்தான்.

எடுப்பதற்குச் சுலபமானதிலிருந்து தொடங்கினேன். பாத்திரம் கழுவும் திரவம் தூசியையும் எண்ணெய்ப் பசையையும் எடுத்தது, கோட்டிங்கைத் தொடவில்லை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் அப்படித்தான். போர் தண்ணீர் விட்ட வெள்ளைப் புள்ளிகள் வினிகருக்குக் கரைந்தன. இவை எதுவும் கோட்டிங்கை அசைக்காததற்குக் காரணம் உண்டு. இந்தக் கோட்டிங்குகள் கண்ணாடியின் மேல்பரப்போடு வேதிப் பிணைப்பில் ஒட்டிக்கொள்கின்றன. கரைத்து எடுப்பது கடினம், மெல்லத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

அதற்குச் சரியான பொருள் சீரியம் ஆக்சைடு. லென்ஸ், கண்ணாடி பாலிஷ் செய்பவர்கள் பயன்படுத்தும் பொடி. கார் பெயின்டுக்கான ரப்பிங் காம்பவுண்டைக் கண்ணாடியில் போடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் அதைத் தொடவில்லை, கீறல் விழுந்தால் இரவு வெளிச்சத்தில் இன்னும் மோசமாகத் தெரியும். பொடியைத் தண்ணீரில் கெட்டி மோர் பதத்துக்குக் கலக்கி, ஃபெல்ட் (அழுத்திய கம்பளித் துணி) ஒட்டிய கட்டையால் கையாலேயே தேய்த்தேன். டிரில் மெஷினில் பேட் மாட்டித் தேய்த்தால் சீக்கிரம் முடியும். ஆனால் ஒரே இடத்தில் நின்றால் சூடு ஏறும். முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடிகளும் நடுவே ஒரு பிளாஸ்டிக் படலமும் சேர்ந்தது, ஒரு இடம் மட்டும் சூடானால் விரிசல் விடலாம். அதனால் நிழலில், காலை நேரத்தில், ஸ்பிரே பாட்டிலால் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தேன். சுற்றியுள்ள ரப்பருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக்குக்கும் முதலிலேயே மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். அந்தப் பொடி காய்ந்து ஒட்டினால் போக மாட்டேன் என்கிறது.

ஒவ்வொரு பகுதியையும் முடித்துக் கழுவி, தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். எங்கும் உடையாமல் ஒரே விரிப்பாகத் தண்ணீர் வழிந்தால் அந்த இடம் முடிந்தது. மூலைகள்தான் கை வலிக்க வைத்தன, அங்கே வைப்பர் தொடாததால் கோட்டிங் புதிதுபோல இருந்தது. கடைசியில் வைப்பர் ரப்பரை ஆல்கஹால் துணியால் துடைத்தேன். இதை விட்டுவிடாதீர்கள். ரப்பரில் ஏறியிருக்கும் பசை, சுத்தமான கண்ணாடிக்கு மறுபடி வந்துவிடும். அடுத்த மழையில் வைப்பர் சத்தமில்லாமல் போனது. படலமும் இல்லை.

மறுபடி போடலாமா என்ற கேள்வி அப்புறம் வந்தது. சந்தையில் இருப்பவை பெரும்பாலும் இரண்டு வகை. ரெயின்-எக்ஸ் போன்ற சிலிகான் வகையில் துளி சுலபமாக நழுவும், ஆனால் சில வாரங்களிலோ ஓரிரு மாதங்களிலோ தேய்ந்துவிடும். ஃபுளோரின் வகை அதைவிட நீண்ட நாள் நிற்கும், விலையும் கூடுதல். எதுவானாலும் துளியைத் தள்ளுவது காற்றுதான். வண்டி மணிக்கு 60, 70 கிலோமீட்டரைத் தாண்டினால்தான் அந்தக் காற்று கிடைக்கிறது. வேளச்சேரி டிராஃபிக்கில் 20-ல் ஊர்ந்தால் துளிகள் அப்படியே உட்கார்ந்து, எதிரே வரும் ஒவ்வொரு விளக்கையும் பல விளக்காக்கும். வைப்பர் இல்லாமல் மழையில் மாட்டிக்கொண்ட பழைய லாரி டிரைவர்கள் புகையிலையையோ நறுக்கிய உருளைக்கிழங்கையோ கண்ணாடியில் தேய்த்தது தண்ணீரை உருட்டுவதற்கு அல்ல, பரப்புவதற்கு. மெதுவாகப் போகும் வண்டிக்கு அதுதான் பொருத்தம்.

என் ஓட்டம் பெரும்பாலும் ஊருக்குள்தான். அதனால் முன்கண்ணாடியைக் கோட்டிங் இல்லாமலே விட்டேன், நல்ல வைப்பர் போதும். முன்கதவுக் கண்ணாடிகளுக்கு வைப்பர் கிடையாது, அங்கே மட்டும் சிலிகான் வகையைப் போட்டேன். அதன் வழியே சைடு மிரரைப் பார்க்கும்போது துளி மறைக்காமல் இருக்கிறது. சைடு மிரருக்குப் போடவில்லை. மிரர் காற்றுக்கு மறைவாகத் திரும்பியிருப்பதால் துளி நகராது, அதற்குத் தண்ணீரைப் பரப்பும் ஃபிலிம்தான் சரி.

வாரா வாரம் இரவில் பெங்களூருக்கு ஓட்டும் என் நண்பருக்கு மட்டும் முன்கண்ணாடியிலும் போடச் சொன்னேன். அவர் வண்டியில் தானியங்கி வைப்பர் இருப்பதால், மழை சென்சார் உள்ள பகுதியைப் பற்றி மேனுவலில் பார்த்துவிட்டே போட்டோம். புரட்டாசிக் கடைசியில், சுத்தமாகப் பாலிஷ் செய்த கண்ணாடியில் ஃபுளோரின் வகையைப் போட்டால் ஐப்பசி, கார்த்திகை இரண்டையும் தாண்டிவிடும். திட்டுத் திட்டாகத் தேய ஆரம்பித்ததும், மேலே இன்னொரு பூச்சு போடாமல் முழுவதும் எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். மிச்சமிருந்த சீரியம் பொடியையும் ஃபெல்ட் கட்டையையும் அவரிடமே கொடுத்துவிட்டேன்.