சொந்த மெசேஜ் சர்வருக்கு மாறினோம்: ரெகவரி கீயைத் தாளில் எழுதி வையுங்கள்

எங்கள் அறக்கட்டளை குடும்ப வன்முறையில் சிக்கிய பெண்களுக்கு உதவுகிறது. காயத்தின் போட்டோ, புகார் மனு, அந்தப் பெண் ஒளிந்திருக்கும் வீட்டு விலாசம் என்று எல்லாமே வருடக்கணக்காக ஒரே வாட்ஸ்அப் குரூப்பில்தான் ஓடியது. வேலையை விட்டுப் போன ஒருவரின் பழைய போன் அந்தப் படங்களோடு அவர் வீட்டில் கை மாறிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்த அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை.

2023 தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம் என்று சொன்னதும் பொருளாளர் ஐயா செலவுக்கு ஒப்புக்கொண்டார். பிரான்ஸ் அரசு ஊழியர்களின் 'சாப்' செயலியும் ஜெர்மன் ராணுவத்தின் மெசஞ்சரும் மேட்ரிக்ஸில், அதாவது யாரும் சொந்த சர்வரில் நடத்தக்கூடிய திறந்த மெசேஜ் முறையில், கட்டியவை. நாங்களும் அதையே எடுத்தோம்: சர்வரில் ஓடும் மென்பொருள் சினாப்ஸ், போனில் உள்ள செயலி எலிமெண்ட்.

அமெரிக்கக் கம்பெனியின் சர்வர் வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்தோம். மும்பையில் வைத்திருந்தாலும், அவர்கள் நாட்டின் 2018 கிளவுட் சட்டப்படி உத்தரவு வந்தால் கொடுத்தாக வேண்டும். இந்தியக் கம்பெனி ஒன்றைப் பிடித்தோம். பத்திரத்திலும் பான் கார்டிலும் அறக்கட்டளைப் பெயரில் ஓர் எழுத்து வேறாக இருந்ததால் கேஒய்சி இரண்டு முறை திரும்பி வந்தது. அதுகூடப் பரவாயில்லை. "ஆட்டோமேடிக் பேக்கப் எந்த நாட்டில் இருக்கும்?" என்று மூன்று மெயில் போட்டேன். மூன்றுக்கும் "சர்வர் மும்பை ரீஜன் சார்" என்றே பதில். நான் கேட்டது பேக்கப்பை! கடைசியில் போனில் மேலாளரைப் பிடித்தபோதுதான் அது சிங்கப்பூருக்குப் போகிறது என்று சொன்னார். உடனே நிறுத்திவிட்டு, என்கிரிப்ட் செய்து பூட்டிய டிஸ்கில் நாங்களே பேக்கப் எடுக்கிறோம். டேட்டாபேஸ், மீடியா, சைனிங் கீ (சர்வரின் அடையாளத்தை உறுதி செய்யும் சாவி) மூன்றையும் எடுங்கள். பேக்கப் எங்கே என்பதைத் தனியாகக் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்த தவறு முழுக்க என்னுடையது. சினாப்ஸ் அமைக்கும்போது கொடுக்கும் 'சர்வர் நேம்' எல்லோருடைய ஐடியிலும் ஒட்டிக்கொள்ளும், பிறகு மாற்றவே முடியாது. சோதனைக்கு வைத்திருந்த பெயரையே போட்டுவிட்டேன். 19 பேர் சேர்ந்த பிறகுதான் கவனித்தேன். எல்லாவற்றையும் அழித்து, ஒவ்வொருவரையும் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

பழைய குரூப்பை விட்டு வெளியேறினால் போதாது. போன் கேலரி, கூகுள் டிரைவ் பேக்கப் இரண்டையும் பக்கத்தில் உட்கார்ந்து அழிக்க வேண்டும். அந்த பேக்கப்புக்கு என்ட்-டு-என்ட் என்கிரிப்ஷன் (நம்மைத் தவிர யாரும் படிக்க முடியாத பூட்டு) தானாக வராது, நாம் போய் இயக்க வேண்டும். போன மாதம் ஒரு தங்கை வேலையை விட்டபோது அவர் கணக்கை நான் மூடினேன், அவர் போனில் எலிமெண்ட் தானாக லாக்அவுட் ஆனது. அந்த நிமிடம் பட்ட பாடெல்லாம் மறந்துபோனது.

ஆனால் சிதம்பரம் பக்கத்து அக்காவின் விஷயம் இன்னும் உறுத்துகிறது. போன் தொலைந்தாலும் பழைய மெசேஜ்களைத் திறக்க உதவும் ரகசியக் குறியீடுதான் ரெகவரி கீ. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே போனில் வைத்திருந்தார். போன் தண்ணீரில் விழுந்தது. பஸ் ஏறிப் போனேன். பாஸ்வேர்டை மாற்றிக் கொடுக்க முடிந்தது, பழைய மெசேஜ்களைத் திறக்க முடியவில்லை. குழு உரையாடல்களை மற்றவர்கள் திரும்ப அனுப்பினார்கள். தனக்கென்று தனி ரூமில் அவர் எழுதி வைத்த மூன்று வாரக் குறிப்புகள் போனது போனதுதான். "சர்வர் உங்ககிட்டதானே தம்பி இருக்கு?" என்று கேட்டார். இருக்கிறது. ஆனால் நிர்வாகியான என்னாலும் படிக்க முடியாது என்பதற்காகத்தானே இதற்கு மாறினோம். அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது எல்லோருடைய கீயும் தாளில், ஒட்டிய உறைகளில், ஆபீஸ் பீரோவில் இருக்கிறது. அக்கா பாதிக் குறிப்புகளை நினைவிலிருந்து எழுதிவிட்டார். மீதிக்கு, ஒரு தடவை அழுது சொன்னதையே மறுபடி சொல்லுங்கள் என்று அந்தப் பெண்களிடம் போய் நிற்கிறார்.