அம்மாவின் உம்ராவும் 555 நோட்டும்

அல்ஹம்துலில்லாஹ், மக்கா யாத்திரையான உம்ராவைச் செய்து அம்மாவின் நிய்யத்தை (மனதில் வைத்திருந்த எண்ணத்தை) நிறைவேற்றிவிட்டு, மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட் வந்து சேர்ந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. அங்கே பிடித்த இருமல் இன்னும் விடவில்லை, உம்ரா போய் வந்த யாருக்குத்தான் சீக்கிரம் விட்டது. பள்ளிவாசலில் பார்க்கிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி, கஅபாவைப் பார்த்ததும் அழுதீங்களா என்பதுதான். உண்மையைச் சொன்னால் முதல் தடவை அழவில்லை. செருப்பை எந்த வாசலில் விட்டோம் என்று யோசித்துக்கொண்டே உள்ளே போனவன், அது திடீரென்று கண் முன்னால் வந்ததும் வாயைத் திறந்தபடி நின்றேன், அவ்வளவுதான். அழுகை மறுநாள் ராத்திரி, அம்மாவுக்காகச் செய்த தவாஃபில், அதாவது கஅபாவை ஏழு தடவை சுற்றி வருவதில், ஐந்தாவது சுற்றில் வந்தது. அதற்குக் காரணம் ஒரு சார்டின் டின்.

அம்மாவுக்கு நிக்காஹ் நடந்தது 1963-ல். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் பணம் சேர்க்கிற தாபுங் ஹாஜி நிதி ஆரம்பித்ததும் அதே வருஷம்தான். "எனக்குக் கல்யாணம், அதுக்குப் பொறப்பு" என்று சொல்லிச் சிரிப்பார். கடைக்குப் பின்னால் கோழி வளர்த்து, முட்டை விற்ற காசை ஐந்து பத்தாகச் சேர்த்து அதில் போட்டுக்கொண்டே இருந்தார். ஹஜ்ஜுக்கு முறை வருவதற்குள் முந்தின வருஷம் மவுத்தாகிவிட்டார். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். கடைசி வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இதுதான்: "ஹஜ்ஜு என் நசீபுல இல்ல போல. நீ எனக்காக ஒரு உம்ராவாவது செஞ்சிடுப்பா. அங்க நின்னு எனக்கும் அத்தாவுக்கும் பாவமன்னிப்புக் கேளு. அத்தா கடை வச்சிருந்தவரு, கணக்கு வழக்குல என்ன முன்ன பின்ன இருந்துச்சோ."

அத்தாவைப் பற்றி, அதாவது என் அப்பாவைப் பற்றிச் சொன்ன அந்தக் கடைசி வரியை அப்போது நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இல்லை, போட்டுக்கொண்டேன், வேண்டுமென்றே மறந்தேன்.

கிளம்புவதற்கு முன்னால் ஈப்போவில் இரண்டு நாள் உம்ரா குர்சுஸ் (பயிற்சி வகுப்பு). அங்கே வந்த உஸ்தாத் பெட்டி கட்டுவதைப் பற்றிக் கால் மணி நேரமும் மன்னிப்பைப் பற்றி மூன்று மணி நேரமும் பேசினார். முன்பின் பாவமெல்லாம் மன்னிக்கப்பட்ட நம் நபி (ஸல்) அவர்களே ஒரு நாளைக்கு எழுபது தடவைக்கு மேல் இஸ்திக்ஃபார் செய்தார்கள் (பாவமன்னிப்புக் கேட்டார்கள்), நூறு தடவை என்றும் ஒரு ஹதீஸில் வருகிறது, நாம் எம்மாத்திரம் என்றார். தவ்பா என்றால் பாவத்தை விட வேண்டும், வருந்த வேண்டும், திரும்பப் போவதில்லை என்று உறுதி எடுக்க வேண்டும். மனிதனுடைய ஹக் (உரிமை) அதில் சேர்ந்திருந்தால் நாலாவதாக ஒன்று, அதை உரியவரிடம் திருப்பிக் கொடுத்து மாப்புக் கேட்க வேண்டும்.

சரி என்று நானும் வீட்டில் ஒரு கெண்டுரி (விருந்து) வைத்தேன். எண்பது பேர் வந்தார்கள். ஒவ்வொருவர் கையையும் பிடித்து, "ஏதாவது பேசியிருந்தா மன்னிச்சிடுங்க, தின்னது குடிச்சது எல்லாத்தையும் ஹலாலாக்கிடுங்க" என்று கேட்டேன். போனில் ஒரு நாற்பது பேர். வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியை எல்லாருக்கும் தட்டிவிட்டேன், ஹரி ராயாவுக்கு 'மாஃப் ஸாஹிர் பாத்தின்' என்று மலாயில் மன்னிப்பு வாழ்த்து அனுப்புகிற மாதிரியே. பக்கத்துக் கடைச் சீனரிடம்கூடக் கேட்டேன், அவர் பயந்துபோய் உடம்புக்கு ஏதும் முடியவில்லையா என்று விசாரித்தார். எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லாதவர்களிடமெல்லாம் மன்னிப்புக் கேட்டு முடித்தாகிவிட்டது. கேட்டே ஆக வேண்டிய ஒருவரிடம் மட்டும் கேட்கவில்லை.

பயணத்தைப் பற்றி நிறையச் சொல்லலாம். ஏஜென்சிக்காரர் ஹரமிலிருந்து (கஅபா இருக்கிற பள்ளிவாசல்) முந்நூறு மீட்டர் என்று சொன்ன ஹோட்டல், என் முட்டிக் கணக்கில் ஒரு கிலோமீட்டர், அதுவும் மேடு. மதீனாவில் நபியின் பள்ளிவாசலுக்குள் இருக்கிற ரவ்ழா என்ற இடத்துக்குப் போக, நுஸுக் என்கிற போன் ஆப்பில் நேரம் பிடிப்பதற்குள் எங்கள் குழுவில் இருந்த பெரியவர்களுக்கு உயிர் போய்விட்டது, ஆளாளுக்குப் போனை என் கையில் திணித்தார்கள், சுபுஹு தொழுத கையோடு எட்டுப் பேருக்கு நான்தான் பதிவு செய்து கொடுத்தேன். ஆனால் ரவ்ழாவுக்குள் கிடைத்த அந்தச் சில நிமிஷம், பச்சைக் கம்பளத்தில் நெற்றி வைத்த அந்த நேரம், சுப்ஹானல்லாஹ், அதற்கு எத்தனை போன் வேண்டுமானாலும் தட்டலாம். மதீனாவுக்கு வெளியே பீர் அலியில் உம்ராவுக்கான வெள்ளைத் துணி உடுத்தி இஹ்ராம் கட்டி, மக்கா வந்து என் உம்ராவை முடித்தேன். மர்வாவில் கத்தரியை ஆட்டிக்கொண்டு "முடி, முடி, ஹாஜி" என்று துரத்துகிற பையன்களிடமிருந்து தப்பி வெளியே வருவது, ஸஃபா மர்வா குன்றுகளுக்கு நடுவே நடக்கிற ஸஃயைவிடப் பெரிய ஓட்டம்.

மறுநாள் ராத்திரி மக்கா எல்லைக்கு வெளியே இருக்கிற தன்ஈம் போய் ஆயிஷா பள்ளியில் அம்மாவுக்காக நிய்யத் வைத்து வந்தேன். ராத்திரியின் கடைசி மூன்றில் ஒரு பங்கில், யார் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்கள் என்று ரப்பு (இறைவன்) கேட்கிற நேரம் என்பதால், மணி மூன்றுக்கு மதாஃபில், அதாவது கஅபாவைச் சுற்றுகிற முற்றத்தில் இறங்கினேன். அந்த நேரத்திலும் கூட்டம். முன்னால் போகிற சக்கர நாற்காலி கணுக்காலில் இடிக்கிறது, பின்னால் வருகிறவர் முதுகில் தள்ளுகிறார். ஐந்தாவது சுற்றில் ஸய்யிதுல் இஸ்திக்ஃபார் என்ற பாவமன்னிப்பு துஆவை ஓத ஆரம்பித்தேன். சின்ன வயதிலிருந்து காலையும் மாலையும் ஓதுகிறதுதான். 'எனக்கு நீ செய்த நிஃமத்தை (அருளை) ஒப்புக்கொள்கிறேன், என் பாவத்தையும் ஒப்புக்கொள்கிறேன்' என்று வருகிற இடம். அதை முடித்துவிட்டு, அம்மா சொன்னபடி தமிழில், "யா அல்லாஹ், அத்தாவோட கணக்குல ஏதாவது தப்பிருந்தா..." என்று தொடங்கினேன்.

அதற்கு மேல் வரவில்லை. அத்தாவின் கணக்கில் தப்பு இருந்தது. அதை எழுதியது நான்.

1983, எனக்குப் பதின்மூன்று வயது. எஸ்டேட் போகிற ரோட்டில் எங்கள் மளிகைக் கடை. ரப்பர் பால் வெட்டுகிற வெட்டுக்காட்டு ஆட்களுக்கெல்லாம் சம்பள நாள்வரை கடன்தான், ஆளுக்கொரு 555 நோட்டு, கடன் கணக்கு எழுதுகிற சின்ன நோட்டு, உள்ளங்கை அளவுக்கு இருக்குமே அது, ஓரத்தில் துளை போட்டுச் சணலில் கோத்து ஆணியில் தொங்கும். மாலையில் நான்தான் எழுதுவேன். ஐந்தாவது லயத்து (எஸ்டேட் ஆட்களின் வரிசை வீடு) அக்கா ஒருத்தர், பால் வெட்டிவிட்டு ஒட்டுப்பால் வாடையோடு வருவார், எழுதப் படிக்கத் தெரியாது. கடையில் சார்டின் டின்னை யாருக்காவது ரொக்கத்துக்கு விற்றுவிட்டு, காசை என் பையில் போட்டுக்கொண்டு, டின்னை அந்த அக்கா நோட்டில் எழுதிவிடுவேன். அலமாரியில் டின் குறைந்தாலும் நோட்டில் இருக்கும், அத்தாவுக்குக் கணக்கு நேராகிவிடும். மாசத்துக்கு மூன்று டின், ஆறு மாசம். படம் பார்க்கவும் ஐஸ் கச்சாங் தின்னவும். கூட்டினால் இருபத்தைந்து வெள்ளி (ரிங்கிட்) சொச்சம் வரும், அன்றைக்கு அது இரண்டு மூன்று நாள் வெட்டுக்கூலி.

ஒரு சம்பள நாளில் அக்கா கேட்டுவிட்டார். "பாய், எங்க வீட்டுல டின் மீனே யாரும் தொடமாட்டோமே, எப்படி இத்தன வந்துச்சு?" கடை நிறைய ஆள். அத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நோட்டு பொய் சொல்லுமாம்மா?" என்றார். நான் தராசில் வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தேன், தலையைத் தூக்கவில்லை. அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை எண்ணி வைத்துவிட்டுப் போனார். அடுத்த மாசத்திலிருந்து ஒரு பால் டப்பாவோடு வருவார். ஒரு சாமான் வாங்கினால் ஒரு ரப்பர் கொட்டையை அதற்குள் போடுவார். சம்பள நாளில் கல்லாவுக்கு முன்னால் டப்பாவைக் கவிழ்த்து ஒவ்வொரு கொட்டையாக நகர்த்தி எண்ணுவார். வழவழவென்று புள்ளி போட்ட அந்தக் கொட்டைகள் பலகையில் உருள்கிற சத்தம் இருக்கிறதே, அதுதான் நாற்பத்திரண்டு வருஷம் கழித்து மதாஃபில் எனக்குக் கேட்டது.

சுற்றின் ஓரத்துக்கு ஒதுங்கி நின்று அழுதேன். நபி (ஸல்) அவர்கள் சஹாபாக்களிடம் திவாலானவன் யார் என்று கேட்ட ஹதீஸ் ஞாபகம் வந்தது. தொழுகை, நோன்பு, ஜகாத் எல்லாவற்றையும் கொண்டு வருவான், ஆனால் ஒருவரை ஏசியிருப்பான், ஒருவர் பொருளைத் தின்றிருப்பான், அவன் நன்மையெல்லாம் அவர்களுக்கு எடுத்துக் கொடுக்கப்படும், நன்மை தீர்ந்தால் அவர்கள் பாவம் இவன் தலையில் ஏறும். இங்கே நான் அம்மாவுக்காகச் சுற்றுகிற சுற்றெல்லாம் எந்த லயத்துக்குப் போய்ச் சேரும் என்று தோன்றியது. அந்த நேரம் பார்த்து ஒருவன் தோளைத் தட்டி, மலாயில், கஅபாவின் மூலையில் இருக்கிற ஹஜருல் அஸ்வத் கல்லை முத்தமிட வைக்கிறேன், நூறு ரியால் என்கிறான்! நாலு பேரை இடித்துத் தள்ளிப் போய் முத்தமிடுவதற்கு நூறு ரியால். அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

காலையில் உஸ்தாத்திடம் போய்ச் சொன்னேன். அவர் நீட்டி முழக்கவில்லை. "அல்லாஹ் உங்களை இங்க கொண்டு வந்து ஞாபகப்படுத்தியிருக்கான், அது அவனோட ரஹ்மத். அவனுக்கும் உங்களுக்கும் நடுவுல உள்ளதை இங்க கேளுங்க, அந்த அம்மாவுடையதைச் சுங்கை சிப்புட்ல கேளுங்க" என்றார். அவர்கள் முஸ்லிம் இல்லையே என்று நான் கேட்டிருக்கவே கூடாது, கேட்டேன். நம்மோடு ஒப்பந்தத்தில் வாழ்கிற மாற்று மதத்தாருக்கு அநியாயம் செய்தவனுக்கு எதிராகக் கியாமத்து (இறுதித் தீர்ப்பு) நாளில் நானே வாதாடுவேன் என்று நபி (ஸல்) சொன்னதை எடுத்துச் சொன்னார். அதோடு என் வாய் மூடிக்கொண்டது. பிறகு அவரே, அஸ்ஸுமர் சூராவின் 53-வது ஆயத்தை ஓதுங்கள், ரஹ்மத்தில் நம்பிக்கை இழக்காதீர்கள் என்று சொல்லி முதுகைத் தட்டினார். மீதி நாளெல்லாம் அதை ஓதிக்கொண்டே இருந்தேன். யா ரப்பே, எத்தனை பெரிய கருணை. இங்கேயே மவுத்தாகாமல் என்னைத் திருப்பி அனுப்பினாயே, அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ்.

ஊருக்கு வந்து மூன்றாம் நாள் தேடிப் போனேன். லயங்கள் இருந்த இடம் முழுக்கச் செம்பனை (எண்ணெய்ப் பனை) மரங்கள். விசாரித்ததில் அக்கா இறந்து ஆறு வருஷமாம், மகள் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதி) வெளியே வடை சுட்டு விற்கிறாராம். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவராக இருக்கும். கூட்டம் குறையும்வரை நின்று, பாய் கடைப் பையன் நான் என்று சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"அம்மா சாகுற வரைக்கும் சொல்லும்ண்ணே," என்றார். "உங்கப்பா நல்ல மனுசன், ஆனா எழுத்துல ஏமாத்திட்டாருன்னு."

எனக்குக் கால் நடுங்கியது. அத்தா மவுத்தாகி இருபது வருஷம். ஐந்து வேளை தொழுத மனிதர், தராசுத் தட்டில் ஒரு பருக்கை கூடக்குறைய வைக்காதவர். நான் திருடியது அக்கா காசை மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கவரில் வைத்திருந்த ஐந்நூறு வெள்ளியைக் கொடுத்தேன். முதலில் வேண்டாம் என்றார், பிறகு, "அம்மா காசுன்னா வாங்கிக்கிறேன், கோயில் சாப்பாட்டுக்குக் குடுத்துடலாம்" என்று வாங்கி எண்ணிப் பார்த்து இடுப்பில் செருகிக்கொண்டார். அத்தா ஏமாற்றவில்லை என்பதை யாரிடமாவது சொல்ல முடியுமா என்று கேட்டேன்.

"யாருகிட்டண்ணே சொல்றது, அப்ப கடையில நின்னவங்கள்ல யாரு இருக்கா? சரி, அம்மா படத்துக்கிட்ட சொல்லிடுறேன்."

ஐந்து வடை வாங்கினேன். அதற்குக் காசு சரியாக வாங்கிக்கொண்டு மீதிச் சில்லறையைக் கையில் எண்ணி வைத்தார். அங்கிருந்து நேராகக் கபுருஸ்தானுக்குப் போனேன். அத்தாவுக்கு ஸலாம் சொல்லி யாசீன் ஓதி முடித்த பிறகும் எழுந்திருக்க முடியவில்லை, தலைமாட்டில் இருந்த புல்லைப் பிடுங்கிக்கொண்டே, 555 நோட்டில் என் கையெழுத்து எப்படி இருக்கும், சார்டினுக்கு எந்தப் பக்கம் எழுதினேன் என்பதையெல்லாம் அஸர் பாங்கு சொல்கிறவரை அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.